இடைகழியின் இடது கைகள்

ஈ செத்து விழுந்ததை ஹஸீபா தன் கண்ணாலேயே பார்த்தாள். பாலைவனத்திலிருந்து ஏறிவரும் ஷெஹீலிக் காற்றுக்குப் பயந்து வீட்டின் சன்னல் பலகைகள் எல்லாவற்றையும் சாத்தியிருந்ததால், நடுப்பகலிலும் அறைக்குள் பழைய செம்பின் நிறத்தில் ஒரு மங்கல் மட்டுமே இருந்தது. அந்த மங்கலில், தூங்கிக்கொண்டிருந்த மகன் வஸீமின் தலைமாட்டைச் சுற்றிய கொழுத்த ஈயை அவள் மடித்த துண்டால் சுவரோடு அறைந்தாள். அது கால்களை மேலே தூக்கியபடி, சுவரும் தரையும் சேரும் மூலையில், வெள்ளைத் தரையோட்டின் மேல் ஒரு மிளகைப் போலக் கிடந்தது. விளக்குமாறும் முறமும் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஓடு சுத்தமாக இருந்தது.

எறும்பு இழுத்துப் போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகுதான், இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே ஓர் எறும்பைக்கூடத் தான் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. எறும்பு மட்டுமல்ல. விளக்கின் கூண்டுக்குள் விட்டில் இறகு இல்லை. அலமாரியின் பின்னால் காய்ந்த கரப்பான் இல்லை. முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் ஒரு சருகுகூட இல்லை. செத்தது எதுவும் இந்த வீட்டில் தங்குவதில்லை.

"என் வீட்டுல குப்பைன்னு ஒண்ணு இருந்தா எடுத்துக் காட்டுடி, டாக்டரம்மா," என்று லல்லா ஸுலீகா, இவர்கள் வந்த அன்றே சவால் விட்டிருந்தாள். லல்லா என்பது மரியாதைச் சொல்; ஸுலீகா, ஹஸீபாவின் கணவன் லக்தரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல், கஸந்தீனாவின் பழைய நகரில், ஆற்றுப் பிளவின் விளிம்பில் நிற்கும் இந்தப் பிறந்த வீட்டையே காத்துக்கொண்டிருப்பவள். "நான் பெருக்கறதே இல்ல. ஆனா பாரு, பளிங்கு. அந்த மரம் ஒரு எலை கீழ போடாது. மரியாதை தெரிஞ்ச மரம். என்னைப் பொண்ணு கேட்டு வந்தவனுங்களுக்கு அந்த மரியாதைகூட இருந்ததில்ல."

ஹஸீபா டாக்டர் அல்ல. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றிப் பார்ப்பவள். வசந்தம் முழுவதும் விட்டுவிட்டு வந்த வஸீமின் காய்ச்சலுக்குக் காரணம் தேடி எடுத்த துளியை, உடன் வேலை செய்பவர்கள் தடுத்தும் கேளாமல், அவளே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தாள். ஊதாச் சாயத்தில் அந்தப் பெரிய அணுக்கள் தெரிந்தன. அவை உடம்பின் துப்புரவுக்காரர்கள். எங்கே அழற்சி மூண்டாலும் அங்கே ஊர்ந்து வந்து, தம் உடம்பையே இரண்டு உதடுகளாக நீட்டி, கிருமியையும் அதனருகே செத்துக்கொண்டிருக்கும் அணுவையும் பொதிந்து விழுங்கிவிடுபவை. சத்தமில்லை, மிச்சமில்லை. சாகப்போகும் அணு, தன் தோலின் உட்பக்கம் மறைத்து வைத்திருந்த ஒரு கொழுப்பை வெளிப்பக்கமாகத் திருப்பிக் காட்டும். என்னைத் தின் என்பதற்கு அதுதான் அடையாளம். நலமாக இருக்கும் அணுவோ, என்னைத் தின்னாதே என்று வேறோர் அடையாளத்தைத் தோலில் தாங்கியிருக்கும். படித்த காலத்தில் இந்த ஏற்பாடு அவளுக்கு ஒருவகைக் கருணையாகவே தோன்றியதுண்டு.

வஸீமின் துளியில் அவள் கண்டது வேறு. விழுங்கப்பட்டவை சாகவில்லை. ஒவ்வொரு பெரிய அணுவின் வயிற்றுக்குள்ளும் எள்ளினும் சிறிய ஒட்டுண்ணிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. தின்றவனையே வீடாக்கிக்கொண்டு, ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகின. கருங்காய்ச்சல். மணல் ஈ கடித்து வருவது.

ஊசிகள் வேலை செய்தன. வஸீமின் வயிற்றுக்குள் கல்லாய் வீங்கியிருந்த மண்ணீரல் சற்று இறங்கியது. ஆனால் அவனைப் படியேற விடக்கூடாது, விழவிடக்கூடாது. அவர்களுடைய அடுக்ககமோ பாலத்துக்கு அப்பால், உயரமான மாடியில். மின்தூக்கி பழுதாகிக் கிடந்தது. லக்தர் தெற்கே ஹாஸி மஸ்ஊதில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். எனவே இங்கே வந்தார்கள். அனுப்பும்போது மருத்துவர் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்: சில ஒட்டுண்ணிகள் உள்ளே பதுங்கியிருக்கலாம்; காய்ச்சல் திரும்பினால் அந்த நிமிடமே தூக்கி வந்துவிடுங்கள், இரண்டாவது மருந்து இருக்கிறது; தாமதித்தால் எதுவும் இல்லை.

ஆகவே ஹஸீபாவின் நாள் முழுவதும் ஒரு நெற்றியைச் சுற்றியே நகர்ந்தது. தொட்டுப் பார்ப்பாள். குளிர்ந்திருக்கும். மூச்சு வரும்.

அந்த வீட்டின் தெருக்கதவிலிருந்து முற்றத்துக்கு வரும் இடைகழி, வழிப்போக்கர் கண் உள்ளே விழாதபடி நடுவில் வளைந்தது. ஒவ்வோர் ஆண்டும் ரமலானுக்கு முன், பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சுண்ணாம்பு அடிப்பது அங்கே வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் படிந்த பூச்சில் மூலைகள் எல்லாம் மழுங்கி, கூர்மை என்பதே இல்லாமல், சுவர் பிசைந்து வைத்த மாவைப் போல, ஒரு கொழுத்த தோளைப் போல உருண்டிருந்தது. இந்த ஆண்டு வஸீம் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வளைவுக்கு இந்தப் பக்கம், முற்றத்தை ஒட்டிய சுவரில், கைகள் தெரிந்தன.

மருதாணிப் பழுப்பில் சின்னஞ்சிறு கைகள். சுவர் நெடுக, தரையை ஒட்டியும் தலைக்கு மேலும், டஜன்கணக்கில். எல்லாமே இடது கை. எல்லாவற்றிலும் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது.

"இதெல்லாம் யாரு கை, லல்லா?"

"ஃபெல்லாவோடது. என் தங்கச்சி." லல்லா ஃப்ரீக் என்னும் பச்சைக்கோதுமைக் கஞ்சிக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "லக்தர் பொறக்கறதுக்கு ரொம்ப முந்தி. எனக்கே அப்ப பால்பல்லு விழல. அவளுக்குக் காய்ச்சல், என்ன குடுத்தும் எறங்கல. எங்கம்மா மருதாணி கொழைச்சு, கை நெறைய பூசி, இந்தச் சுவத்துல பதிச்சா. அஞ்சு விரலும் கெட்ட கண்ணுல குத்தட்டும்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அதுக்கப்புறம் காய்ச்சலே இல்ல."

"இத்தனை கை இருக்கே."

"மருதாணிக் கறைடி. நாங்களும் வருஷா வருஷம் அடிக்கறோம், அதுவும் வருஷா வருஷம் வெளிய வருது. உன் கண்ணாடித் துண்டுச் சாயம் மாதிரி தண்ணி ஊத்தினா போயிடுமா?" காம்பைக் கிள்ளி எறிந்தாள். "வஸீமுக்கும் வெச்சிடலாம். என்ன சொல்ற? பொடி இருக்கு."

"அவனுக்கு ஊசி போட்டாச்சு, லல்லா."

"ஊசி உடம்புக்கு. கண்ணேறுக்கு?"

"கண்ணேறு நுண்ணோக்கியில தெரிஞ்சா உங்களைத்தான் மொதல்ல கூப்பிட்டுக் காட்டுவேன்."

"காட்டு, காட்டு. அதுவாவது என்னைப் பார்க்கட்டும்." லல்லா சிரித்தாள்.

கைகளுக்குக் கீழே, உட்கார்ந்தவரின் காது உயரத்தில், சுண்ணாம்பில் வழவழப்பான ஒரு குழி இருந்தது. ஹஸீபாவின் விரல் அதில் போனதைப் பார்த்து லல்லா சொன்னாள்: "அது எங்கம்மா இடம். காதை வெச்சுக்கிட்டு இங்கயேதான் உக்காந்திருப்பா, சாகற வரைக்கும். பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேக்கறான்னு நாங்க கேலி பண்ணுவோம். அந்தப் பக்கம் ஏது வீடு? வெறும் பாறை."

ஈ மறைந்த அன்று பிற்பகல், வஸீமின் கட்டிலை ஒட்டிய சுவர் சூடாக இருப்பதை அவள் கவனித்தாள். வடக்குச் சுவர், ஆண்டு முழுவதும் வெயில் படாதது. உள்ளங்கையை வைத்தாள். வெயில் ஏறிய கல்லின் வறண்ட சூடு அல்ல அது. கம்பளிக்குள் கிடக்கும் உடம்பின் ஈரச் சூடு. தொலைபேசியில் லக்தரிடம் சொன்னாள்.

"ஷெஹீலி அடிக்குது. சுவரு சூடா இல்லாம ஜில்லுனா இருக்கும்?" லக்தரின் குரல் இரைச்சலுக்குள் அறுந்து அறுந்து வந்தது. "இங்க வந்து பாரு, ஸ்பானரைத் தொட்டா தோல் ஒட்டிக்குது."

"வடக்குச் சுவர், லக்தர். எம்புள்ளை நெத்தி மாதிரி சுடுது."

"நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. அதற்குள் தொடர்பும் அறுந்தது. பிறகு கிடைக்கவே இல்லை.

மறுநாள் காற்று இன்னும் தாழ இறங்கியது. வானம் மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறமாகி, முற்றத்துக்கு மேலிருந்த சதுரத்தை ஒரு மூடியைப் போல அடைத்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று. பலகை இடுக்குகளில் மணல் உரசும் ஓசை. லல்லாவின் ஆரஞ்சுப்பூத் தண்ணீர்ப் புட்டிகளிலிருந்து கசியும் இனிப்பு வாடை. அதற்கும் அடியில், ஆய்வகத்தில் மட்டுமே அவள் அறிந்திருந்த, வெதுவெதுப்பான, இரும்பு கலந்த மற்றொரு வாடை. அறைக் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. மரம் உப்பியிருந்தது. வறண்ட காற்றில் மரம் சுருங்கத்தானே வேண்டும் என்று யோசித்தபடி தோளால் இடித்துத் திறந்தாள். கட்டிலை ஒட்டிய சுவரில், தலையணை உயரத்தில், சுண்ணாம்புக்கு அடியிலிருந்து ஓர் இளஞ்சிவப்பு பரவி நின்றது.

சூடு. வீக்கம். சிவப்பு. அழற்சியின் அறிகுறிகள், முதலாண்டுப் பாடம். நான்காவது ஒன்று உண்டு. அதைச் சோதிக்க அவளுக்கு விருப்பமில்லை. ஆயினும் கை நீண்டது. சிவந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

வீடு வெடுக்கென்று துடித்தது. கூரை உத்தரத்திலிருந்து தரையோடுகள்வரை ஒரு நடுக்கம் ஓடி, சமையலறையில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

வலி.

"நிலநடுக்கமா?" என்று முற்றத்திலிருந்து லல்லா கத்தினாள்.

ஹஸீபா வெளியே வந்தபோது லல்லா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் புறாவை அவள் பார்க்கவில்லை. காற்றில் சுருண்டு விழுந்த புறா அது; அலகைத் திறந்து, ஒரு சிறகை விசிறியபடி, சுவரோரம் கிடந்தது. அதன் அருகிலேயே நலமான மற்றொரு புறா ஒதுங்கி நின்றிருந்தது. சுவரின் அடிப்பகுதி அசைந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். சுண்ணாம்பு இரண்டு மடிப்புகளாக முன்னே வழிந்தது; மெதுவாக, அவசரமே இல்லாமல், தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிடுவது போலப் புறாவின் மேல் ஏறி, விளிம்பும் விளிம்பும் தொட்டு, மூடிக்கொண்டது. உள்ளே ஒரு சிறகு ஒருமுறை புடைத்து அடங்கியது. சுவர் மறுபடியும் சுவராக இருந்தது. நின்றிருந்த புறா தலையைச் சாய்த்து அதைப் பார்த்துவிட்டுத் தத்தி நகர்ந்தது. அதைச் சுவர் தொடவில்லை.

சாகிறதை மட்டும். அடையாளம் காட்டுகிறதை மட்டும்.

ஓடினாள். வஸீமின் நெற்றியில் கை வைத்தாள்.

சுட்டது.

"யெம்மா," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "சுவரு என்னை மோந்து பாக்குது."

"ஒண்ணுமில்ல, என் ஈரக்கொலையே." அந்த ஊர்த் தாய்மார்கள் பிள்ளையை அப்படித்தான் அழைப்பார்கள், ஈரல் என்று. "ஒண்ணுமில்ல. கெளம்பறோம்."

லல்லா தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து துடைத்தாற்போல் போய்விட்டது. சந்துக்குள் வண்டி வராது. வண்டி நிற்குமிடம்வரை புழுதிக்காற்றில், வயிறு வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுச் சந்துகளில் தடவிப்போக முடியாது. "நீ இரு. தடுக்கி விழுந்தா அந்த மண்ணீரல் தாங்காதுன்னு நீதானே சொன்ன? நான் போய் வண்டியும், தூக்க ரெண்டு ஆளும் கூட்டிட்டு வரேன்." தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள். "பல்லஇல் பாப்!" என்று திரும்பிக் கத்தினாள். கதவை மூடு. புழுதி வரும்.

வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஹஸீபாவுக்கு அந்தச் சொல் தொடக்கத்தில் விநோதமாக இருந்ததுண்டு. இந்தப் பேச்சில் கதவை மூடு என்பதற்கும் விழுங்க வை என்பதற்கும் சொல் ஒன்றே. ஆய்வகத்தில் அந்தப் பெரிய அணுக்களின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பழகிப்போய், பல ஆண்டுகளாக அவள் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

கதவை மூடினாள். நிலைக்குள் அது ஈரமாக, நிறைவாகப் பொருந்தியது.

அறைக்குத் திரும்பியபோது கட்டிலுக்குப் பின்னால் சுவர் வளர்ந்திருந்தது. இரண்டு கை அகலத்துக்கு ஒரு புடைப்பு, தலையணையை நோக்கிச் சாய்ந்திருந்தது. மற்றச் சுவர்களிலும், போர்வைக்கு அடியில் பூனை ஊர்வதைப் போல, சுண்ணாம்புக்கு அடியில் மேடுகள் நகர்ந்துவந்தன. எல்லாம் இந்த அறையை நோக்கி. வஸீமை நோக்கி.

பிள்ளையை அள்ளிக்கொண்டு தெருக்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு அசையவில்லை. மரமும் நிலையும் எங்கே சேர்கின்றன என்றே தெரியவில்லை. இடையில் இருந்த கோடு மறைந்திருந்தது. தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். கத்தினாள். வெளியே காற்று அவளைவிடப் பலமாகக் கத்திக்கொண்டிருந்தது. மொட்டைமாடிப் படியை நினைத்து முற்றத்துக்கு ஓடினாள். படியிருந்த இடத்தில் சுவர் உருண்டு திரண்டு நின்றது.

மீண்டும் இடைகழி. மூச்சு வாங்க, கைகள் பதிந்த சுவரில் சாய்ந்தாள்.

குளிர்ந்திருந்தது.

நிமிர்ந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வீட்டில் இந்த ஓர் இடம் மட்டும் சுடவில்லை. சிவக்கவில்லை. வீங்கவில்லை. ஊர்ந்துவந்த மேடுகள் அந்தச் சின்னக் கைகளுக்குச் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டன. கைகள் இருக்குமிடத்தில் அழற்சி இல்லை. அவள் மூளை, எத்தனையோ ஆண்டுகளின் பழக்கத்தில், ஓடிப்போய் ஒரு முடிவைப் பற்றிக்கொண்டது. என்னைத் தின்னாதே என்ற அடையாளம். நலமான அணுவின் தோலில் இருப்பது. ஃபெல்லாவின் தாய் அறியாமலே அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதுக்கப்புறம் காய்ச்சலே இல்ல.

மருதாணிப் பொடி சமையலறை மாடத்தில் இருந்தது. வஸீமை ஒரு தோளில் சாய்த்தபடியே கொட்டினாள். ஆரஞ்சுப்பூத் தண்ணீரை ஊற்றிக் கையாலேயே குழைத்தாள். இடைகழியில், கைகளின் கீழே, போர்வையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். அவன் வலக்கையை எடுத்தாள். மோதிர விரலில், ரத்தச் சோதனைக்குக் குத்திய இடத்தில், ஒரு சின்ன பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதைப் பிரிக்க நேரமில்லை. உள்ளங்கை முழுக்க அப்பினாள். விரல் விரலாக அப்பினாள்.

"குளுருது, யெம்மா."

"இப்ப சரியாயிடும். கையை விரி, கண்ணு. நல்லா விரி."

சுவரில் வைத்து அழுத்தினாள். சுவர் மெத்தென்று கொடுத்தது. எடுத்தபோது ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. மோதிர விரலின் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு.

மேடுகள் நின்றன.

வீடு முழுவதும், ஒரு பெரிய மார்பு மூச்சை நிறுத்திக்கொண்டதைப் போல, ஓர் அமைதி விழுந்தது. அவள் வஸீமின் நெற்றியைத் தொட்டாள். வேர்வை. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையாகவே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மருதாணிக் கையைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நன்றாகத் தூங்கத் தொடங்கினான். அவள் வாய்விட்டு அழுதாள்.

அப்போது தெருக்கதவு இடிபட்டது.

"ஹஸீபா! தொறடி! வண்டி நிக்குது!"

வளைவைத் தாண்டிக் கதவுக்கு ஓடினாள். "தொறக்க வரல, லல்லா! உப்பிக்கிச்சு! அவங்களை இடிக்கச் சொல்லுங்க!"

"புள்ளை எப்படி இருக்கான்?"

"காய்ச்சல் எறங்குது! மருதாணி வெச்சிட்டேன். ஃபெல்லாவுக்கு வெச்ச மாதிரி. அங்கயேதான் படுக்க வெச்சிருக்கேன்!"

வெளியே இடிப்பது நின்றது.

"லல்லா?"

"அங்கயே ஏன் படுக்க வெச்ச?" கதவின் மறுபுறம் லல்லாவின் குரல் மெலிந்து வந்தது. "எங்கம்மாவும் அங்கயேதான் படுக்க வெச்சா. தண்ணி கொண்டார உள்ள போனா, வந்து பாக்கறா, போர்வைதான் இருக்கு. யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னாங்க. ஊரெல்லாம் தேடினோம்."

"அதுக்கப்புறம் காய்ச்சலே இல்லன்னீங்க!"

"அவளே இல்லியேடி. காய்ச்சல் எங்க இருக்கும்?"

"அப்ப... அத்தனை கை? அத்தனை தடவை யாரு வெச்சா?"

"ஒரு தடவைதான். அவ ஒரே ஒரு தடவைதான் வெச்சா."

அப்போதுதான், மறந்தே போயிருந்த மற்றொரு பாடம் அவளுக்கு நினைவு வந்தது. எதிர்ப்பொருள் என்ற பூச்சு. கிருமியின் மேல் உடம்பே பூசிவிடுவது. காப்பாற்றுவதற்காகப் பூசுவது. பூசப்பட்டதைத்தான் அந்தப் பெரிய அணுக்கள் முதலில் கண்டுகொள்ளும்; ருசியோடு விழுங்கும். அந்தச் சுவர் குளிர்ந்திருந்தது, விலகி நின்றதால் அல்ல.

பசி தீர்ந்ததால்.

திரும்பினாள். வளைவு. சில எட்டுகள்தான்.

போர்வை கிடந்தது. சுருக்கமில்லாமல். ஒரு தலைமயிர் இல்லை. ஒரு வேர்வைத் துளி இல்லை. ஒரு பொட்டு மருதாணி இல்லை. சுத்தம்.

சுவரைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது, அதற்குள்ளும் சுண்ணாம்பு, அதற்குள்ளும். வெதுவெதுப்பாக. அவள் பறித்த இடத்தைச் சுவர் மெல்ல வழித்து மூடிக்கொண்டது. அவளை அது தொடவில்லை. அவள் நலமாக இருந்தாள்.

வெளியே கோடரி மரத்தில் விழத் தொடங்கியது.

சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். தலை தானாகச் சாய்ந்தது. குழி காதுக்கு அளவாக இருந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, வெகு உள்ளே, தூக்கம் கலைந்த குரல்.

"யெம்மா."

"வஸீம்!" கத்தினாள். "வஸீம், அம்மா இங்கதான் இருக்கேன்! உசுரோட இருக்கியா? இருக்கியா, கண்ணு?"

"யெம்மா," என்றது அவன் குரல், இடப்பக்கத்திலிருந்து.

"யெம்மா," என்றது அவன் குரல், அதே நொடியில், வலப்பக்கத்திலிருந்து.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஃபெல்லாவின் இடது கைகளுக்கு நடுவே, அவள் பதித்த வலக்கைக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கு உள்ளிருந்து ஒரு பழுப்பு மெல்ல மேலெழுந்து வந்தது. ஐந்து விரல்கள். மோதிர விரலில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கும் மேலே இன்னொன்று கசியத் தொடங்கியது. அதற்கும் அப்பால் இன்னொன்று.

நான்கு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில், உள்ளிருந்து, அழுத்தின.